ழகரம் காணாமல் போன பக்கம்: எழுத்துருவில் இல்லாத எழுத்துகளை எப்படிக் கையாள்வது?

ஓர் ஆய்வு நூலுக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தேன். நூல் ஆங்கிலத்தில். உள்ளே வரும் தமிழ்ச் சொற்கள் எல்லாம் ரோமன் எழுத்தில், ஆய்வாளர்களின் வழக்கப்படி மேலும் கீழும் குறி இட்டு எழுதப்பட்டிருந்தன. மூன்றாவது மெய்ப்பில்தான் கண்ணில் பட்டது. 'தமிழ்' என்ற சொல் வரவேண்டிய இடத்தில் எல்லாம் டி, ஏ, எம், ஐ என்று நான்கே எழுத்துகள். ஐந்தாவதாக நிற்க வேண்டிய, அடியில் கோடு போட்ட எல், அதாவது நம் ழகரம், இல்லை. அதன் இடத்தில் பெட்டி இல்லை, கேள்விக்குறி இல்லை, இடைவெளிகூட இல்லை. தமிழைப் பற்றிய நூல் முழுக்க 'தமி' என்றே நின்றது.

தட்டச்சில் பிழையா என்று மூலக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அங்கே ழகரம் பத்திரமாக இருந்தது. ஆசிரியர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். கோப்பில் இருக்கும் எழுத்து அச்சுப் பக்கத்தில் எப்படி மறைகிறது? பக்க வடிவமைப்பில் காலெடுத்து வைக்கும் எவரும் ஒருநாள் இந்தக் கேள்வியில் முட்டிக்கொள்வார்கள்.

பழைய அச்சகத்தை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். கையெழுத்துப் பிரதியில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒன்று. எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டரின் கேஸில், அதாவது அறை அறையாகப் பிரித்த தட்டில், அந்த எழுத்துக்கான ஈய அச்சு இருக்கிறதா என்பது வேறொன்று. கணினியிலும் இவை இரண்டும் தனித்தனி. கோப்பில் இருப்பது எழுத்தின் வடிவம் அன்று, ஓர் எண். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் நம் 'க' 2965. நெடில் 'ஆ'வைக் குறிக்க மேலே கோடு போடும் ரோமன் ஏ 257. அடிக்கோட்டு எல் 7739. இந்த எண்ணுக்கு என்ன உருவம் என்று சொல்வது எழுத்துரு. ஒவ்வோர் எழுத்துருவுக்குள்ளும் 'இந்த எண்ணுக்கு இந்த வடிவம்' என்று ஓர் அட்டவணை இருக்கிறது. 7739 அந்த அட்டவணையில் இல்லாவிட்டால் கேஸில் அந்த அறை காலி என்று பொருள்.

கம்பாசிட்டருக்குக் கை வெறுமையாக வரும்; உடனே குரல் கொடுப்பார். மென்பொருள் என்ன செய்யும் என்பதுதான் இங்கே சங்கதி. அது மூன்றில் ஒன்றைச் செய்யும்.

முதலாவது, பெட்டி போடும். ஒவ்வோர் எழுத்துருவிலும் பூஜ்ஜியமாம் இடத்தில் 'வரையறுக்கப்படாதது' என்பதற்கென்றே ஒரு வடிவம் ஒதுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது வெறும் கட்டம், சிலவற்றில் குறுக்குக் கோடு போட்ட கட்டம். வெள்ளைச் சதுரமாக இருப்பதால் இதற்கு டோஃபு, அதாவது சோயாக் கட்டி, என்றே செல்லப்பெயர் உண்டு. கூகுளின் நோட்டோ எழுத்துருக் குடும்பத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் 'நோ டோஃபு', 'இனி டோஃபு வேண்டாம்' என்ற எண்ணத்தில்தான். பெட்டி பார்க்க அசிங்கம். ஆனால் 'இங்கே ஒன்று குறைகிறது' என்று அது நேர்மையாகச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, சத்தமில்லாமல் விட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விடும். டொனால்ட் நூத் உருவாக்கிய, நூலுக்குப் பக்கம் அமைக்கும் டெக் மென்பொருளின் பழைய வழக்கம் இது. என் 'தமி'க்குக் காரணமும் இதுவே. டெக் ஓர் இடத்தில் மட்டும் உண்மையைச் சொல்லும். ஒவ்வொரு முறை ஓடும்போதும் அது எழுதிவைக்கும் லாக் கோப்பில் 'மிஸ்ஸிங் கேரக்டர்' என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். எந்த எழுத்து, எந்த எழுத்துருவில் இல்லை என்று அது சொல்லும். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே அதை யார் படிக்கிறார்கள்? நான் படிக்கவில்லை.

மூன்றாவது, வேறோர் எழுத்துருவில் அந்த எழுத்து இருக்கிறதா என்று தேடி, கிடைத்தால் அங்கிருந்து எடுத்துவந்து வைக்கும். இதைத்தான் ஃபால்பேக் என்கிறார்கள்; மாற்று எழுத்துரு என்று சொல்லலாம். வேர்டு, லிப்ரே ஆஃபீஸ், இணைய உலாவிகள், உங்கள் கைபேசி எல்லாம் இதை ஓயாமல் செய்துகொண்டிருக்கின்றன. ஆங்கிலச் செய்திக்கு நடுவே ஒரு தமிழ்ச் சொல் தானாகத் தெரிகிறதென்றால் அது இதன் புண்ணியம்.

திரையில் படிக்க மூன்றாவதே நல்லது. அச்சுக்கு அப்படிச் சொல்லமாட்டேன். எங்கிருந்து எடுக்கிறது என்பது நீங்கள் தீர்மானித்ததன்று. அந்தக் கணினியில் என்ன இருக்கிறதோ அதைப் பொறுத்தது. உங்கள் கணினியில் ஒரு முகம், அச்சகத்துக் கணினியில் வேறு முகம். சொல்லின் நடுவே ஓர் எழுத்து மட்டும் தடித்து, அல்லது ஒல்லியாகி, அல்லது அரை மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். வாசகருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது; ஆனால் பக்கம் உறுத்தும்.

குறி போனால் பொருள் போகும்

'மேலே ஒரு கோடு, கீழே ஒரு புள்ளி, அது இல்லாவிட்டால் குடியா முழுகிப்போகும்' என்று கேட்பவர்கள் உண்டு. தமிழைப் பொறுத்தவரை முழுகித்தான் போகும். ரோமன் எழுத்தில் எல் ஒன்றுதான். நமக்கு ல, ழ, ள மூன்று. எனவே வெறும் எல் லகரம், அடியில் கோடு இட்டால் ழகரம், அடியில் புள்ளி இட்டால் ளகரம் என்று பிரித்துவைத்தார்கள். அந்தக் குறிகளை எடுத்துவிட்டால் வால், வாழ், வாள் மூன்றும் ஒரே சொல். மரமும் மறமும் ஒன்றாகிவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தது. அதில் ஒவ்வொரு தலைச்சொல்லுக்குப் பக்கத்திலும் இப்படிக் குறியிட்ட ரோமன் வடிவம் இருக்கும். இன்றும் தமிழாய்வாளர்கள் பெரும்பாலும் அந்த முறையையே பின்பற்றுகிறார்கள். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக 2001-இல் வந்த ஐஎஸ்ஓ 15919 என்ற தரமும் தமிழ் எழுத்துகளுக்கு ஏறக்குறைய இதே குறிகளைத்தான் சொல்கிறது.

சரி, பிரெஞ்சுப் பெயர்கள் வரும்போது இந்தத் தொல்லை இல்லையே, நம் எழுத்துகளுக்கு மட்டும் ஏன்? பாண்டிச்சேரி என்பதைப் பிரெஞ்சில் எழுதும்போது மேலே சாய்ந்த கோட்டுடன் ரோமன் எழுத்தான ஈ வரும். அதன் எண் 233. 256-க்குள் அடங்கும் எழுத்துகள் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானவை. கணினித் தொழில் வெகு முன்பே அவற்றைக் கவனித்துக்கொண்டது. இன்றைய ரோமன் எழுத்துருக்களில் பெரும்பாலும் அவை இருக்கும். அடுத்த படியில் நெடில் கோடு போட்ட உயிர்கள்: 257, 275, 333 என்று. லாட்விய மொழிக்கும் அவற்றில் சில தேவை என்பதால் பல எழுத்துருக்களில் கிடைக்கும். நம் ழகரம், றகரம், னகரம் எல்லாம் மிகத் தள்ளி, 7680-இல் தொடங்கி 7935-இல் முடியும் பகுதியில் இருக்கின்றன. ழ 7739, ன 7753, ற 7775.

இங்கே புதியவர்கள் விழும் ஒரு குழி உண்டு. இந்தப் பகுதியின் பின்பாதியில், 7840 முதல் 7929 வரை, வியத்நாமிய எழுத்துகள் இருக்கின்றன. வியத்நாமுக்குச் சந்தை பெரிது. ஆகவே பல எழுத்துருக்கள் அந்தத் தொண்ணூறு எழுத்துகளை மட்டும் வரைந்துவிட்டு, முன்பாதியைத் தொடாமலே விட்டுவிடும். 'இந்தப் பகுதிக்கு ஆதரவு உண்டு' என்ற விளம்பரத்தை நம்பி வாங்கினால் ழகரம் இருக்காது. பட்டியலை நம்பாதீர்கள், எழுத்தையே அடித்துப் பாருங்கள்.

ஓர் எழுத்து, இரண்டு எழுத்துக்கூட்டல்

குறியிட்ட எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். முழு எழுத்துக்கே ஓர் எண் தருவது ஒன்று: 7739. எல் என்ற வெறும் எழுத்தை எழுதி, பின்னால் 'முன்னதன் அடியில் கோடு' என்ற தனிக் குறியை ஒட்டுவது மற்றொன்று. அந்தக் குறியின் எண் 817. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நமக்கு இது புதிதும் அன்று. 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என்று பிரித்தும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்றே கொள்கிறது.

சமம் என்று தரம் சொன்னாலும் எல்லா மென்பொருளும் அப்படி நடத்துவதில்லை. ஆசிரியர் ஒரு முறையிலும் பதிப்பாசிரியர் இன்னொரு முறையிலும் எழுதியிருந்தால், தேடும்போது பாதிச் சொற்கள் சிக்காது. சொல்லடைவில் ஒரே சொல் இரண்டு இடத்தில் வரும். அதனால் எந்த நூலையும் தொடுவதற்கு முன் கோப்பு முழுவதையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவது என் வழக்கம். முழு எழுத்து வடிவமே என் தேர்வு.

இந்த இரட்டை வடிவத்தால் ஒரு நன்மையும் உண்டு. முழு எழுத்து எழுத்துருவில் இல்லாவிட்டாலும் வெறும் எல்லும் தனிக் கோடும் இருக்கலாம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ், டெக்கின் புது வடிவமான ஸீடெக் போன்றவற்றுக்குள் எழுத்துகளை வடிவமைத்துத் தரும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். 7739-ஐத் தேடும், இல்லை என்றால் பிரித்து, இரண்டு துண்டுகளாக வைத்துப் பார்க்கும். கோடு சரியான இடத்தில் உட்காருமா என்பது வேறு விஷயம். ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் 'குறி இங்கே ஒட்ட வேண்டும்' என்று ஒரு புள்ளியை எழுத்துரு வடிவமைப்பாளர் குறித்துவைத்திருக்க வேண்டும். குறிக்காவிட்டால் கோடு பக்கத்து எழுத்தின் அடியில் போய் நிற்கும், அல்லது எழுத்தின் காலை வெட்டிக்கொண்டு போகும்.

சில எழுத்துகளுக்கு முழு வடிவம் யூனிகோடிலேயே கிடையாது. ஐஎஸ்ஓ 15919 முறையில் வடமொழி 'ருஷி' என்பதன் முதல் உயிரை, அடியில் சிறு வளையம் இட்ட ஆர் என்று எழுதுகிறோம். அதற்குத் தனி எண் இல்லை. ஆர் எழுதி வளையத்தை ஒட்டித்தான் ஆகவேண்டும். எனவே எழுத்துருவைச் சோதிக்கும்போது ழகரம் வந்துவிட்டதே என்று நிறுத்தாமல் இதையும் பாருங்கள். ஒட்டுப்புள்ளிகள் உண்டா இல்லையா என்பது இங்கே வெட்டவெளிச்சமாகிவிடும்.

துண்டுகளை ஒட்டி எழுத்தைச் செய்வது டெக் உலகில் முதலிலிருந்தே இருந்தது. நூத்தின் கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருவில் மொத்தம் 128 இடங்கள்தாம். குறியிட்ட எழுத்துகள் அதில் இல்லை. எழுத்தின் தலையில் குறியை ஏற்றிவைக்கும் கட்டளைதான் இருந்தது. பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அப்படி ஒட்டிய சொல்லை வரி முடிவில் எங்கே உடைப்பது என்று டெக்குக்குத் தெரியாமல் போய்விடும். ஐரோப்பியர்களுக்கே இது பெரிய தலைவலி. அதனால்தான் 1990-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் கூடிய டெக் பயனர்கள், ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகளை முழு எழுத்துகளாகவே கொண்ட 256 இடத்து அட்டவணை ஒன்றை வகுத்தார்கள். அதிலும் நம் ழகரத்துக்கு இடம் இல்லை. யூனிகோடை நேரடியாகப் படிக்கும் ஸீடெக்கும் லுவாடெக்கும் வந்த பிறகே நமக்கு வழி திறந்தது.

மாற்று எழுத்துருவை நீங்களே தேர்ந்தெடுங்கள்

மென்பொருளுக்கு மென்பொருள் வழி வேறு. லுவாடெக்கில் முதன்மை எழுத்துருவுடன் ஒரு மாற்றுப் பட்டியலையும் இணைத்துவிடலாம். முதலாவதில் இல்லாததை இரண்டாவதில் தேடும். ஸீடெக்கில் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. எழுத்துகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, வகுப்பு மாறும்போது எழுத்துரு மாறும்படி சொல்ல வேண்டும். லிப்ரே ஆஃபீஸில் எழுத்துருப் பெயர் எழுதும் கட்டத்திலேயே ஒரு பெயர், அரைப்புள்ளி, அடுத்த பெயர் என்று எழுதலாம். பலருக்கு இது தெரியாது. இணையப் பக்கத்தில் எழுத்துருப் பெயர்களை வரிசையாக எழுதுவதும் இதுவேதான்.

அந்த வரிசையில் தமிழர்கள் நாம் அடிக்கடி செய்யும் ஒரு பிழையைச் சொல்லியே ஆகவேண்டும். தமிழ்ப் பக்கம்தானே என்று தமிழ் எழுத்துருவை முதலில் எழுதுகிறோம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் துணைக்கு வெறும் ஆங்கில எழுத்துகளும் உண்டு, குறியிட்டவை இருக்காது. விளைவு, 'தொல்காப்பியம்' என்பதை ரோமனில் எழுதும்போது சாதாரண எழுத்துகள் தமிழ் எழுத்துருவிலிருந்தும், நெடில் கோடு போட்ட ஏ மட்டும் வேறோர் எழுத்துருவிலிருந்தும் வரும். வரிசையை மாற்றி ரோமன் எழுத்துருவை முதலிலும் தமிழை இரண்டாவதாகவும் வையுங்கள். ரோமன் எழுத்துருவில் தமிழ் இருக்காது என்பதால் தமிழ் தானாகவே இரண்டாவதற்குப் போய்விடும். ஒரே ஒரு வரி மாற்றம்தான்.

அச்சு நூலுக்கு என் கருத்து இன்னும் கறாரானது. சொல்லுக்குள் எழுத்துருவை மாற்றாதீர்கள். எழுத்துக்கு எழுத்து இடைவெளியைச் சரிசெய்யும் கணக்கு ஓர் எழுத்துருவுக்குள் மட்டுமே நடக்கும். எழுத்துரு மாறும் இடத்தில் அது அறுந்துவிடும். முதன்மை எழுத்துருவில் குறியிட்ட எழுத்துகள் இல்லையென்றால், அந்தச் சொல் முழுவதையும் வேறோர் எழுத்துருவில் வையுங்கள். சிற்றெழுத்துகளின் உயரம் சுற்றியுள்ள எழுத்தோடு ஒத்துப்போகும்படி அளவை ஒட்டவையுங்கள். அப்படிப்பட்ட சொற்கள் பக்கத்துக்குப் பத்து வருமென்றால் நூல் முழுவதற்குமே எழுத்துருவை மாற்றிவிடுவது நல்லது. எஸ்ஐஎல் நிறுவனத்தின் ஜெண்டியம், சாரிஸ் இரண்டும் இலவசம்; உலக மொழிகளின் குறியிட்ட எழுத்துகளுக்கென்றே செய்தவை. எனக்கு ஜெண்டியம் பிடிக்கும்.

என் 'தமி' நூலுக்கும் கடைசியில் அதைத்தான் செய்தேன். ஆனால் மூன்றாவது மெய்ப்பில் எழுத்துருவை மாற்றினால் வரிகள் எல்லாம் இடம் பெயரும், பக்க எண்கள் மாறும், சொல்லடைவை மறுபடி செய்ய வேண்டும். எல்லாமே செய்ய வேண்டிவந்தது. எனவே இப்போது எந்த நூலைத் தொட்டாலும் முதல் வேலை ஒரு சோதனை வரிதான்: நெடில் கோடு போட்ட ஐந்து உயிர்கள், ஆய்தத்துக்கு அடிக்கோட்டுக் கே, பிறகு ங, ஞ, ட, ண, ழ, ள, ற, ன எட்டுக்குமான குறியிட்ட எழுத்துகள், வளையமிட்ட ஆர். அதே வரியைத் தடித்த எழுத்திலும், சாய்வெழுத்திலும், பெரிய எழுத்திலும் அடித்துப் பார்ப்பேன். சாய்வெழுத்தை விட்டுவிடாதீர்கள். நேர் எழுத்தில் எல்லாம் இருக்கும். சாய்வில் பாதி இருக்காது. நூற்பெயர்கள் எல்லாம் சாய்வில்தானே வருகின்றன?

வேலை முடிந்த பிறகும் இரண்டு சோதனைகள் உண்டு. டெக் என்றால் லாக் கோப்பில் 'மிஸ்ஸிங் கேரக்டர்' என்று தேடுங்கள். அதைவிட நல்ல வழி, 'ட்ரேசிங்லாஸ்ட்கேர்ஸ்' என்ற அளவை 3 ஆக வைப்பது. டெக் லைவ் 2021 தொகுப்பிலிருந்து, அப்படி வைத்தால் எழுத்து விடுபடுவது பிழையாகவே கருதப்படும். மென்பொருள் உங்களைத் தாண்டிப் போகாது. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் அச்சுக்கு முந்தைய சோதனையில் 'கிளிஃப்ஸ் மிஸ்ஸிங்' என்பதை இயக்குங்கள். மென்பொருளோடு வரும் அடிப்படைச் சோதனையில் அது சேர்ந்திருக்காது, நீங்களே ஒரு சோதனைத் தொகுப்பு உருவாக்கி அதில் சேர்க்க வேண்டும். கடைசியாக, பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்காத பெயர் ஒன்று அங்கே இருந்தால், எங்கோ ஓர் எழுத்து மாற்று எழுத்துருவிலிருந்து வந்திருக்கிறது.

தமிழ் எழுத்தே இல்லாதபோது

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. பாமினி போன்றவற்றில் கோப்பில் இருப்பது தமிழே அன்று. 'அம்மா' என்று திரையில் தெரிவது கோப்பில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டிருப்பது எழுத்துரு. இங்கே மாற்று எழுத்துரு என்ற பேச்சுக்கே இடமில்லை. பாமினி இல்லாத கணினியில் மென்பொருளின் கண்ணுக்கு எந்த எழுத்தும் குறையவில்லை. அது ஆங்கிலக் குறிகளை அப்படியே காட்டும். 128-க்கு மேற்பட்ட இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்த எழுத்துருக்களில் இன்னொரு சங்கடம்: குறியிட்ட ரோமன் எழுத்துக்கு இருந்த இடத்தில் தமிழ் எழுத்து குடியேறியிருக்கும். இரண்டையும் ஒரே எழுத்துருவில் வைக்க முடியாது. இப்படிப்பட்ட கோப்பு கைக்கு வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதுவரை மேலே சொன்ன எதுவும் வேலைக்கு ஆகாது.

யூனிகோடிலும் எல்லாத் தமிழ் எழுத்துகளும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 'ஶ' 2005-இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய எழுத்துருவில் 'ஶ்ரீ' என்று எழுதினால் ஶகரத்தை மட்டும் மென்பொருள் வேறிடத்திலிருந்து எடுத்துவரும். மெய்ப்புள்ளியும் ரீகாரமும் பழைய எழுத்துருவிலேயே நிற்கும். மூன்றும் ஒரே எழுத்துருவில் இருந்தால்தான் கூட்டெழுத்தாகச் சேரும். இங்கும் சொல் முழுவதையும் மாற்றுவதே வழி.

முந்திரி, காணி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019-இல்தான் யூனிகோடில் இடம்பெற்றன. 320-இல் ஒரு பங்கான முந்திரியின் எண் 73664. தமிழ்ப் பகுதி 2944 முதல் 3071 வரைதான். இவை அதிலிருந்து வெகு தொலைவில், தனிப் பகுதியில் இருக்கின்றன. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருவில் இவை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கல்வெட்டு, நிலக்கணக்கு, பழைய கணக்கதிகாரம் பற்றிய நூல் என்றால் இவை இல்லாமல் முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற எழுத்துரு இவற்றுக்கென்றே இருக்கிறது. இங்கே மட்டும் ஒற்றை எழுத்துக்கு எழுத்துருவை மாற்றத் தயங்க வேண்டாம். பின்னக் குறி எந்தச் சொல்லோடும் ஒட்டாது, எந்த எழுத்தோடும் கூட்டெழுத்தாகாது, தனியே நிற்கும். 73664 முதல் 73727 வரை வந்தால் இந்த எழுத்துரு என்று ஒரே விதி எழுதி, அளவைச் சற்றே கூட்டியோ குறைத்தோ பக்கத்து எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.